ஆமி, ரேடியோ, சிறை எல்லாம் கையில் இருந்தும் ஆபிரிக்க சர்வாதிகாரிகள் ஏன் நிம்மதியாக ஆள முடியவில்லை?

உவர்மலை ரியூஷன் சேர்

திருமலையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு அரசியல் விஞ்ஞானம் எடுக்கிறேன். போன கிழமை கானாவின் நுக்ருமா பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். 1957இல் விடுதலை, 1958இல் விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கச் சட்டம், 1964இல் ஒரே கட்சி, ஆயுள்காலத் தலைவர், 1966 பெப்ரவரி 24இல் அவர் ஹனோய் போகும் வழியில் பீஜிங்கில் இருந்த நேரம் ஆட்சி போய்விட்டது. இதைச் சொல்லி முடிக்க ஒரு பிள்ளை கேட்டது: "சேர், கட்சி அவருடையது, பத்திரிகை அவருடையது, எதிர்த்தவன் எல்லாம் உள்ளே. அப்படியென்றால் கவிழ்த்தது யார்?"

இராணுவமும் பொலிசும் என்றேன். "அதுவும் அவருடையதுதானே சேர்?" என்று அடுத்த கேள்வி.

புத்தகத்தில் இருக்கிற பதில் ஊழல், இனக்குழுப் பிளவு, வறுமை. இந்த மூன்றும் முதல்நாளும் இருந்தன, முப்பது வருசம் ஒருவர் அசையாமல் இருந்த நாட்டிலும் இருந்தன. அதனால் இவை ஒன்றையும் விளக்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு 2022 மே மாதம் நன்றாக நினைவிருக்கிறது, பிரதமர் பதவியை விட்ட மகிந்த ராஜபக்ச இங்கே கடற்படைத் தளத்துக்குள் வந்து இருந்ததும் வெளியில் சனம் கூடினதும். பலமான ஆள் ஒதுங்க இடம் தேடுவது அவர்களுக்குப் புதினம் இல்லை. ஆனால் ஆபிரிக்காவில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது, 2020க்குப் பிறகும் மாலி, கினி, புர்கினா பாசோ, நைஜர், காபோன் என்று வரிசையாக. பரீட்சைக்கு எழுதுகிற பதில் வேண்டாம். வாசித்தவர்கள், அந்தப் பக்கம் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கோ.

பழைய கச்சேரிக்காரன்

சேர், நான் அரச நிருவாகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் என் கண் முதலில் போவது கந்தோருக்குத்தான், அரண்மனைக்கு இல்லை.

பிரித்தானியரோ பிரெஞ்சுக்காரரோ பெல்ஜியரோ அங்கே போட்ட அரசு எதற்காகப் போட்டது என்று பாருங்கோ. ரயில் பாதைகளின் வரைபடத்தை எடுத்தால் பெரும்பாலானவை சுரங்கத்திலிருந்தோ தோட்டத்திலிருந்தோ துறைமுகத்துக்கு இறங்குகின்றன, ஊருக்கு ஊர் தொடுப்பவை குறைவு. உள்நாட்டில் ஆட்சி என்பது ஒரு வெள்ளைக்கார அதிகாரி, கொஞ்சம் பொலிஸ், கீழே வரி சேர்த்துக் கொடுக்கிற தலைவர். அவ்வளவுதான். சனத்தைப் பதிவு செய்து, காணி அளந்து, வருமான வரி எடுத்து, பிணக்கைத் தீர்த்து வைக்கிற அளவுக்கு அரசு ஊருக்குள் போகவே இல்லை. போகத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் வருமானம் முழுக்கத் துறைமுக வாசலில் சுங்கமாகவும் ஏற்றுமதித் தீர்வையாகவும் வந்துகொண்டிருந்தது.

விடுதலை பெற்ற தலைவருக்குக் கிடைத்தது இந்தச் சாமான்தான். கொங்கோவை எடுங்கோ, 1960 ஜூன் 30 விடுதலை. மேற்கு ஐரோப்பா அளவுக்குக் கிட்டத்தட்ட வரும் நாடு, பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற கொங்கோக்காரர் முப்பது பேர்கூட இல்லை. ஏறக்குறைய 25,000 பேர் கொண்ட படையில் அதிகாரி தரத்தில் ஒரு ஆபிரிக்கரும் இல்லை. விடுதலை வந்து ஐந்தாம் நாள், ஜூலை 5, படைத்தளபதி ஜான்சென்ஸ் கரும்பலகையில் "விடுதலைக்கு முன் = விடுதலைக்குப் பின்" என்று எழுதிக் காட்டினார். அன்று தொடங்கிய கலகம் சில நாளில் நாடு முழுக்கப் பரவி, அந்த மாதம் 11ஆம் திகதி செப்புச் சுரங்கம் இருந்த கட்டங்கா பிரிந்துபோவதாக அறிவித்தது. பிரதமர் லுமும்பா சர்வாதிகாரியாக இருக்க விரும்பியிருந்தாலும் அவரால் முடிந்திராது, கருவியே கையில் இல்லை. (நாங்கள் இங்கே 1931இலேயே எல்லாருக்கும் வாக்குரிமையும், 1942இல் பல்கலைக்கழகமும், கிராமம் கிராமமாக விதானையும் வைத்திருந்தோம். அந்த வித்தியாசம் சின்ன வித்தியாசம் இல்லை.)

உங்கள் நுக்ருமா கதையும் இதுதான். கானாவில் கொக்கோ சபை விவசாயியிடம் நிர்ணயித்த விலைக்கு வாங்கி உலகச் சந்தையில் விற்று, இடையில் வந்த காசில் அரசு நடந்தது. அணைக்கட்டு, பாடசாலை, கட்சிக்காரனுக்கு வேலை எல்லாம் அந்தக் காசு. 1965இல் உலக விலை அதலபாதாளத்துக்குப் போனது. வேறு எங்கே கை வைக்கலாம்? ஊருக்குள் போய் வரி வாங்க ஆளும் இல்லை, பழக்கமும் இல்லை. ஆகவே தலைவரின் கட்டுப்பாடு என்று நாங்கள் சொல்வது துறைமுகம், வானொலி நிலையம், விமானநிலையம், மாளிகை, மத்திய வங்கி, இந்த ஐந்தின் மேலுள்ள கட்டுப்பாடு. அந்த ஐந்தையும் விடியற்காலை நாலு மணிக்கு ஒரு பட்டாலியன் பிடித்தால் ஆறு மணிக்கு அவன்தான் அரசு, மற்ற மாகாணத்துக்காரன் ரேடியோவில் கேட்டுத் தெரிந்துகொள்வான். எங்கள் நாட்டிலும் 1962இல் பொலிஸ், இராணுவ அதிகாரிகள் சிலர் இதே யோசனையோடு புறப்பட்டவர்கள்தான், தொடங்க முதலே அகப்பட்டார்கள்.

மூதூர் நானா

கச்சேரி ஐயா சொன்னது அடித்தளம், சரி. ஆனால் பிள்ளை கேட்டது "ஆமி அவருடையதுதானே?" என்று. அந்த இடத்துக்கு வருவோம், ஏனென்றால் அங்கேதான் விசயம் இருக்கிறது: ஆமி அவருடையது இல்லை. அது குடியேற்ற ஆட்சியின் ஆமி, கொடி மட்டும் மாறியது.

இரண்டாம் உலகப் போர் நேரம் கிழக்காபிரிக்கப் படைப்பிரிவு ஒன்று இலங்கையில் இருந்து பயிற்சி எடுத்துப் பிறகு பர்மாவுக்குப் போனது. அதில் பெரும்பகுதி கிங்ஸ் ஆபிரிக்கன் ரைபிள்ஸ். அதே படையணிதான் விடுதலைக்குப் பிறகு துண்டாகி உகண்டா ஆமி, கென்யா ஆமி, தங்கனிக்கா ஆமி ஆனது. அதிகாரிகள் வெள்ளைக்காரர்கள், சிப்பாய்க்குச் சம்பளம் பழைய சம்பளம். 1964 ஜனவரியில் ஒரே கிழமைக்குள் மூன்று நாட்டிலும் கலகம், கோரிக்கை ஒன்றே: சம்பளத்தைக் கூட்டு, அதிகாரிகளை எங்களவராக்கு. மூன்று அரசும் வெட்கத்தை விட்டுப் பிரித்தானியப் படையைக் கூப்பிட்டுத்தான் அடக்கின.

பிறகு நடந்ததுதான் பாடம். தங்கனிக்காவில் (பிறகு தன்சானியா ஆனது) தலைவர் நியரேரே அந்தப் படையையே கலைத்துவிட்டார். கட்சி இளைஞர்களிலிருந்து புதிதாக ஆள் எடுத்துக் கட்டினார், தன்சானியாவில் இன்றுவரை வெற்றியடைந்த இராணுவப் புரட்சி இல்லை. உகண்டாவில் ஒபோட்டே சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்துச் சமாளித்தார், பிறகு தன் அரசியல் சண்டைகளுக்கு இடி அமீன் என்ற ஒரு அதிகாரியைப் பாவித்தார். 1966இல் புகாண்டா அரசரின் மாளிகையைத் தாக்கியது அமீன். 1971 ஜனவரி 25, ஒபோட்டே பொதுநலவாய மாநாட்டுக்குச் சிங்கப்பூரில், அமீன் கம்பாலாவில். ஆட்சி அமீனிடம் போனது, மிச்சம் தெரிந்ததே.

டோகோவை யாரும் படிப்பிப்பதில்லை, சேர் கட்டாயம் சொல்லுங்கோ. பிரெஞ்சுப் படையில் அல்ஜீரியாவில் சண்டை பிடித்துவிட்டு ஊர் திரும்பிய டோகோக்காரர் கொஞ்சப்பேர், எங்களை ஆமியில் சேருங்கோ என்று கேட்டார்கள். ஜனாதிபதி ஒலிம்பியோ கணக்குப் பார்க்கிறவர், நாட்டின் படை சில நூறு பேர்தான், பெருப்பிக்கக் காசில்லை என்று மறுத்தார். 1963 ஜனவரி 13 அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் குழுவில் இருந்த சார்ஜன்ட் எயடேமா 1967இல் தானே நாட்டைப் பிடித்து 2005இல் சாகும்வரை ஆண்டார். இப்போதும் மகன்தான் ஆள்கிறார்.

இதைப் பார்த்த மற்றத் தலைவர்கள் என்ன முடிவுக்கு வந்தார்கள்? ஆமியை நம்பாதே. சரி, நம்பாவிட்டால் என்ன செய்வது? இரண்டாவது ஆமி ஒன்றைப் பக்கத்தில் கட்டு. நுக்ருமா தன் காவல் படையணிக்குத் தனிக் கவனிப்புக் கொடுத்தார், வழமையான படை எரிச்சலில் இருந்தது, 1966 வந்தது. கொங்கோவைச் சயீர் என்று பெயர் மாற்றி ஆண்ட மொபுட்டு தன் ஊர்ச் சமூகத்தவரை நிரப்பி விசேட ஜனாதிபதிப் பிரிவு வைத்திருந்தார். அவர்களுக்கு ஒழுங்காகச் சம்பளம், மற்றச் சிப்பாய் செக்பொயின்ற் போட்டுச் சனத்திடம் பிடுங்கிச் சாப்பிட வேண்டியதுதான். விளைவு, 1996 கடைசியில் கிழக்கில் கிளர்ச்சித் தலைவர் கபிலாவின் படை ருவாண்டாவின் துணையோடு புறப்பட்டபோது அந்தப் பெரிய ஆமி சண்டை பிடிக்கவே இல்லை, போகிற வழியில் ஊரைக் கொள்ளையடித்துக்கொண்டு பின்வாங்கியது. ஏழெட்டு மாதத்தில், 1997 மே 17, கின்ஷாசா விழுந்தது.

கினியில் ஜனாதிபதி அல்பா கொண்டே விசேட படை ஒன்றை 2018இல் அமைத்து, பிரெஞ்சு லீஜனில் இருந்த டும்புயாவைத் தலைமைக்குப் போட்டார். அரசியலமைப்பை மாற்றி மூன்றாம் முறையும் பதவிக்கு வந்தார். 2021 செப்டெம்பர் 5 அவரைப் பிடித்தது அதே விசேட படை. காபோனில் 2023 ஓகஸ்ட் 30 பொங்கோ குடும்பத்தின் 56 வருச ஆட்சியை முடித்தது அவர்களின் குடியரசுக் காவல் படைத் தளபதி, அவரும் உறவுக்காரர் வேறு.

சூடானில் இதன் உச்சம். பஷீர் 1989இல் புரட்சி செய்து வந்தவர், ஆகவே ஆமியைப் பற்றி நன்றாகத் தெரியும். நாட்டின் மேற்கே டார்பூரில் ஊர் எரித்த ஜஞ்சவீட் ஆயுதக் குழுக்களை 2013இல் துரித ஆதரவுப் படை என்று பெயர் கொடுத்து, ஹெமெட்டியின் கீழ், ஆமிக்கு எதிர் எடையாக வைத்தார். 2019 ஏப்ரல் 11 ஆமியும் அந்தப் படையும் சேர்ந்தே அவரை இறக்கின. பிறகு நாலு வருசத்தில், 2023 ஏப்ரல் 15, அந்த இரண்டும் தலைநகருக்குள்ளேயே ஒன்றையொன்று அடிக்கத் தொடங்கின. எதிர் எடை வைத்தவர் போய்விட்டார், எடைகள் இரண்டும் நாட்டில் நிற்கின்றன.

ஆக, தம்பி, காவலைக் கூட்டக் கூட்டக் கதவைத் திறந்துவிடக்கூடிய ஆட்களின் தொகைதான் கூடுகிறது.

நிலாவெளி வாசகி

நானா முழுக்கத் துவக்கைப் பற்றியே கதைக்கிறார். துவக்கோடு வருகிறவன் எந்த நாளில் வருகிறான் என்பதையும் பாருங்கோ. அநேகமாக அது சம்பளம் வராத மாதமாக இருக்கும், இல்லாவிட்டால் பாண் விலை ஏறின கிழமையாக இருக்கும்.

அப்பர் வோல்ட்டா (இப்போதைய புர்கினா பாசோ) 1966 ஜனவரி 3. ஜனாதிபதி யமெயோகோ அரச ஊழியர் சம்பளத்தில் 20 வீதம் வெட்டப் போனார். தொழிற்சங்கங்கள் தெருவுக்கு வந்தன, கூட்டமே ஆமியைப் பார்த்து அதிகாரத்தை எடு என்று கத்தியது, எடுத்தார்கள். சூடானில் 1985இல் ஜனாதிபதி நிமெய்ரி அமெரிக்கா போயிருந்த நேரம் பாண் விலையேற்றத்தால் தொடங்கிய ஆர்ப்பாட்டம் பொது வேலைநிறுத்தமாகி, அவர் நாடு திரும்ப முதல் பதவி போனது. 2018 டிசம்பரில் பாண் ஒன்று ஒரு பவுண்டிலிருந்து மூன்று பவுண்டாக ஏற, முதலில் கிளம்பியது அட்பாரா என்ற ரயில்வேத் தொழிலாளர் ஊர். பஷீர் அதுவரை எத்தனையைத் தாண்டினவர், போர், சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் பிடிவிறாந்து, பொருளாதாரத் தடை. ஆனால் 2011இல் தென்சூடான் பிரிந்து எண்ணெயில் நாலில் மூன்று பங்கு அங்கே போனபிறகு மானியம் கொடுக்கக் காசு இல்லாமல் போய்விட்டது.

ஏன் இந்த ஆட்சிகள் நகரத்துக்கு இவ்வளவு பயப்படுகின்றன? கச்சேரி ஐயாவின் ஐந்து இடமும் நகரத்தில்தானே. அதனால் நகரத்துக்காரனுக்கு மலிவாகச் சாப்பாடு கொடுக்கவேண்டும். அதற்கு விவசாயியிடம் மலிவாக வாங்கவேண்டும். விவசாயி கொஞ்ச நாள் பார்ப்பான், பிறகு எல்லைக்கு அப்பால் கடத்துவான் அல்லது தனக்கு மட்டும் பயிரிடுவான். கானாவின் கொக்கோ ஐவரி கோஸ்ட்டுக்கும் டோகோவுக்கும் கடத்தப்பட்டது ஊரறிந்த கதை. ஏற்றுமதி குறைய அரசின் வருமானம் குறையும், உடனே நாணயத்தாளை அச்சடிப்பார்கள், விலை ஏறும், நகரம் கொதிக்கும். சாம்பியாவில் ஜனாதிபதி கவுண்டா இந்தச் சுழியில் இரண்டு முறை மாட்டினார். 1986 டிசம்பரில் சோள மா மானியத்தை வெட்டினார், செப்புச் சுரங்க ஊர்களில் கலவரம், ஆட்கள் செத்தார்கள், திரும்பப் பழைய விலை. 1990 ஜூனில் திரும்பவும் ஏற்றினார், தலைநகரில் கலவரம், அந்த மாதக் கடைசியில் ஒரு அதிகாரி வானொலி நிலையத்தைப் பிடித்து ஆட்சி கவிழ்ந்தது என்று வாசித்ததும் சனம் தெருவில் ஆடியது. புரட்சி சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது, ஆனால் அந்த ஆட்டத்தை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அடுத்த வருசத் தேர்தலில் தொழிற்சங்கத் தலைவர் சிலுபாவிடம் கவுண்டா தோற்றார்.

இன்னொன்று, இது வங்கியில் வேலை செய்கிற எனக்குப் பிடித்த கதை. 1993 ஜனவரியில் மொபுட்டு ஐந்து மில்லியன் சயீர் (நாணயத்தின் பெயரும் அதுதான்) என்ற புதுத் தாளில் படைக்குச் சம்பளம் கொடுத்தார். அவரோடு இழுபறியில் இருந்த பிரதமர் சிசெகெடி அந்தத் தாள் செல்லாது என்றார். கடைக்காரர் வாங்க மறுத்தார்கள். கையில் தாள், வாங்க ஆளில்லை, சிப்பாய்கள் கின்ஷாசாவைச் சூறையாடினார்கள், பிரெஞ்சுத் தூதுவரே கொல்லப்பட்டார். 27 வருசம் ஆண்ட மனிதரின் முகம் போட்ட தாளை ஒரு மரக்கறிக் கடைக்காரி வேண்டாம் என்று தள்ளலாம் என்றால் அதற்குப் பிறகு அவரிடம் என்ன மிச்சம் இருக்கிறது? அதன்பிறகும் நாலு வருசம் ஜனாதிபதி என்ற பெயரில் இருந்தார், பெரும்பாலும் தன் ஊர் பதோலித்தே மாளிகையில்.

2022இல் இங்கே பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

உவர்மலை ரியூஷன் சேர்

எல்லாருக்கும் நன்றி, இது நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போகிறது. ஒரு இடக்குக் கேள்வி. நீங்கள் சொல்கிற பலவீனம் எல்லாம் எல்லா இடத்திலும் இருந்தால், பியா எப்படிக் கமரூனில் 1982இல் இருந்து இருக்கிறார்? எக்குவற்றோரியல் கினியில் ஒபியாங் 1979இல் இருந்து? ஐவரி கோஸ்ட்டின் ஊப்பே-புவான்யி 33 வருசம் ஆண்டு பதவியிலேயே செத்தார். பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்.

டொக்யாட் வீதி

சேரின் கேள்வி நல்லது, ஏனென்றால் மேலே எழுதினவர்கள் விழுந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். 54 நாட்டை ஒரே சட்டியில் போட்டுக் கிண்டக்கூடாது. செனகலில் செங்கோர் 1980 கடைசியில் தானே பதவியை விட்டுப் போனார். பொட்ஸ்வானாவில் விடுதலை நாளில் இருந்து தேர்தல், 2024இல் 58 வருசம் ஆண்ட கட்சி தோற்று அமைதியாகக் கையளித்தது.

நிலைத்தவர்கள் விசயத்தில் முதலாவது, வெளியில் இருந்து காவல். 1964 பெப்ரவரியில் காபோன் ஜனாதிபதி ம்பாவை ஆமி பிடித்தது, பிரெஞ்சுப் பரா படை வந்து ஓரிரு நாளில் திரும்ப உட்கார்த்தியது. அதற்கு ஆறு மாதம் முதல் பக்கத்து கொங்கோ-பிரஸாவில்லில் (மற்றக் கொங்கோ நாடு) ஜனாதிபதி யூலு விழுந்தபோது அதே பிரான்ஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றது, ஆகவே இது உத்தரவாதமும் இல்லை. மொபுட்டுவைக் கட்டங்கா பக்கம் (அப்போது ஷாபா) 1977இல் காப்பாற்றியது மொரோக்கோ படை, 1978இல் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள். ஒபியாங் தன் மாமனைக் கவிழ்த்து வந்தவர், ஆகவே சொந்தக்காரரையும் நம்பாமல் மொரோக்கோ சிப்பாய்களை மாளிகைக் காவலுக்கு வைத்தார், பிறகு தொண்ணூறுகளில் எண்ணெய் வந்தது. பனிப்போர் முடிந்ததும் மொபுட்டுவைத் தூக்கிப் பிடிக்க ஒருத்தருக்கும் தேவை இருக்கவில்லை. 1997இல் அவரைக் காப்பாற்ற எந்த நாடும் படை அனுப்பவில்லை.

இரண்டாவது, விட்டுக்கொடுக்கத் தெரிந்தவர்கள். கென்யாவில் மோய் 1988இல் வாக்காளர்களை வேட்பாளர் பின்னால் வரிசையில் நிற்கவைத்து எண்ணினார், எல்லாரும் பார்க்கப் பெரிய வரிசை தோற்றுச் சின்ன வரிசை வென்றது. 1991 நவம்பரில் உதவி வழங்கும் நாடுகள் காசை நிறுத்தின, அடுத்த மாதமே ஒரு கட்சிச் சட்டத்தை எடுத்துவிட்டார். சரணடைந்தது மாதிரித் தெரியும். 1992இல் எதிர்க்கட்சி மூன்றாகப் பிரிந்து நிற்க, 36 வீதச் சொச்ச வாக்கோடு அவரே ஜனாதிபதி. 1997இலும் அப்படித்தான். 2002இல் பதவிக்கால எல்லை வந்து போனார். இறுக்கிப் பிடித்தவரைவிட இப்படித் தளர்த்திப் பிடித்தவர் கனகாலம் நின்றார்.

ஆனால் நிற்பதும் கட்டுப்படுத்துவதும் ஒன்றல்ல. கமரூனில் ஆங்கிலம் பேசும் இரண்டு மாகாணத்தில் 2017இல் இருந்து ஆயுதச் சண்டை, வடக்கில் போகோ ஹராம். தலைநகரில் அதே ஜனாதிபதி. நாட்டின் எந்தப் பகுதியை விட்டுக்கொடுத்தாலும் தலைநகரும் எண்ணெயும் இருந்தால் ஆட்சி ஓடும். எல்லையும் அநேகமாக மாறாது, 1964இல் கெய்ரோவில் ஆபிரிக்க ஒற்றுமை அமைப்பு பழைய எல்லைகளை ஏற்றுக்கொண்டு தீர்மானம் போட்டுவிட்டது. பலவீனமான அரசையும் பக்கத்து நாடு விழுங்காது, ஐநாவில் கதிரை இருக்கும், கடனும் கிடைக்கும். ஐரோப்பாவில் வரி சேர்க்கத் தெரியாத அரசுகள் போர்களில் அழிந்துபோயின. இங்கே அந்த நெருக்குதல் இல்லை, அதனால் ஊருக்குள் இறங்கி அரசைக் கட்டவேண்டிய அவசரமும் யாருக்கும் இல்லை.

மூதூர் நானா

டொக்யாட் தம்பி சொன்னது ஞாயம். பியா விசயத்தில் ஒன்று கூட்டுகிறேன், அவரும் 1984 ஏப்ரலில் ஒரு புரட்சி முயற்சியைத் தாண்டினவர்தான், செய்தது அவருடைய குடியரசுக் காவல் படை.

நிலாவெளி வாசகி

டொக்யாட் அண்ணை, "எந்தப் பகுதியை விட்டுக்கொடுத்தாலும்" என்கிற இடத்தில் ஒரு கேள்வி. விட்டுக்கொடுப்பதென்றால் சும்மா விடுவதில்லையே. சிம்பாப்வேயில் 1983இல் முகாபே நாட்டின் மேற்கேயுள்ள மட்டபெலேலாண்டுக்கு வட கொரியா பயிற்றுவித்த ஐந்தாவது பிரிகேட்டை அனுப்பினார், 1987வரை ஆயிரக்கணக்கான பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். டார்பூரில் சம்பளம் வாங்கும் ஆமி போதாது என்று குதிரையிலும் ஒட்டகத்திலும் ஆள் அனுப்பினார்கள். கச்சேரி ஐயா, அரசு ஊருக்குள் போகாததுதான் குறை என்கிறீர்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அரசு ஊருக்குள் வந்ததே பிரச்சினையாக இருந்த காலமும் இருக்கிறதல்லவா.

பழைய கச்சேரிக்காரன்

தங்கச்சி சொல்வதை மறுக்கமாட்டேன், இந்த மாவட்டத்தில் முப்பது வருசத்துக்கு மேல் வேலை செய்தவன் மறுக்கவும் முடியாது. ஆனால் இரண்டும் வேறு வேறு. பதிவேட்டோடு வருகிற அரசு உன்னைத் தனி ஆளாகத் தெரிந்து வைத்திருக்கிறது. அது நல்லதற்கும் பயன்படும், கெட்டதற்கும் பயன்படும். பதிவேடு இல்லாத அரசு யார் கிளர்ச்சிக்காரன், யார் கமக்காரன் என்று தெரியாமல் முழு ஊரையும் எரிக்கும். டார்பூரில் நடந்தது அது. அந்தக் கொடூரத்தைப் பார்த்து அரசு பலமானது என்று எண்ணக்கூடாது, ஊருக்குள் தகவல் தருகிற ஒரு ஆள் இல்லாத அரசு செய்கிற வேலை அது.

எரித்த பிறகு என்ன நடக்கும்? வரியும் வராது, விசுவாசமும் வராது, கூலிப்படைக்குக் கொடுத்த தங்கச் சுரங்கம் மட்டும் கூலிப்படையிடம் இருக்கும். ஹெமெட்டி இன்று யாருடைய காசில் சண்டை பிடிக்கிறார் என்று தேடினால் டார்பூர்த் தங்கமும் ஒரு பதிலாக வரும்.

உவர்மலை ரியூஷன் சேர்

போதுமான அளவுக்குக் கிடைத்துவிட்டது. அடுத்த வகுப்பில் நாட்டுப் பட்டியல் வாசிக்காமல் இரண்டு நாட்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஒன்று சயீர். மற்றது எது? காசு முடிந்துபோய், ஆமி கையில் இருந்தும், வேறு மாதிரி முடிந்த ஒரு நாடு வேண்டும்.

டொக்யாட் வீதி

பெனின் எடுங்கோ. கெரெக்கு 1972இல் புரட்சியால் வந்தவர், 1974இல் மார்க்சிய நாடு என்று அறிவித்தார். 1989இல் அரச வங்கிகள் சரிந்துவிட்டன, ஆசிரியருக்கும் ஊழியருக்கும் மாதக்கணக்கில் சம்பளம் இல்லை, பல்கலைக்கழகம் மூடல். சிப்பாய்க்கும் காசு இல்லாததால் யாரை அனுப்பி யாரை அடிப்பது? 1990 பெப்ரவரியில் தேசிய மாநாடு ஒன்றைக் கூட்டினார், கோபத்தை ஆற்றிவிட்டுக் கலைக்கலாம் என்ற எண்ணத்தில். கூடினவர்கள் இறைமை எங்களிடம் என்று அறிவித்து, அவருடைய அதிகாரத்தை வெட்டி, சோக்லோவைப் பிரதமராக்கினார்கள். கெரெக்கு ஏற்றுக்கொண்டார். 1991இல் தேர்தலில் தோற்றார், போனார்.

மொபுட்டுவும் அதே மாதிரி மாநாடு 1991இல் கூட்டினார். ஆனால் அவரிடம் சம்பளம் ஒழுங்காக வாங்குகிற அந்த விசேட பிரிவு இருந்தது, வைரமும் இருந்தது, ஆகவே ஆறு வருசம் இழுத்தடித்தார். அந்த ஆறு வருசத்துக்கான விலையைக் கொங்கோக்காரர் இன்றும் கொடுக்கிறார்கள்.

கெரெக்குவின் மிச்சக் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கோ. 1996இல் அவர் திரும்பவும் தேர்தலில் நின்று, சோக்லோவைத் தோற்கடித்து, வாக்கால் ஜனாதிபதியாகிப் பத்து வருசம் இருந்தார். சோக்லோ சிக்கனம் என்று சொல்லிச் சனத்தின் வெறுப்பை வாங்கியிருந்தார்.

நிலாவெளி வாசகி

சேர், வகுப்பில் அந்தப் பிள்ளை அடுத்து என்ன கேட்டது என்று வந்து எழுதுங்கோ. நுக்ருமா கேள்வியைக் கேட்ட அந்தப் பிள்ளையைத்தான் சொல்கிறேன்.